மாடி வாடகையைச் சொல்லுங்கள்

வருமான வரிக் கணக்கு எழுதித் தருகிற தொழிலில் ஒரு விசித்திரம் உண்டு: பேங்க் வட்டியைச் சொல்வார்கள், மாமனார் வாங்கிக் கொடுத்த ஸ்கூட்டரைக்கூடச் சொல்வார்கள், மாடியில் குடியிருக்கும் ஆளை மட்டும் சொல்லவே மாட்டார்கள்.

வாடகை வாங்குகிறவர்களே, வாடகை கொடுக்கிறவர்களே, ஜூலைக் கடைசித் தேதிக்குள் கணக்குகளை எழுதி முடிக்க ஓடுகிற என் இனத்தவர்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். சிவகாசியில் அச்சகங்கள் நெருக்கிக்கொண்டு நிற்கும் ஒரு தெருவில், ஜெராக்ஸ் கடைக்கு மேலே உள்ள ஓர் அறையில் பல வருஷமாக இந்த வேலை பார்க்கிறேன். கூட மாரீஸ்வரி இருக்கிறாள். கம்ப்யூட்டரில் எல்லாவற்றையும் ஏற்றுகிறவள் அவள்தான். வருகிறவர்களுக்கு வாய் கொடுக்கிறவளும் அவள்தான்.

போர்டு வைத்த கதை

இரும்புக்கடை அண்ணாச்சி ஒருவர் வருஷா வருஷம் என்னிடம்தான் வருவார். கடை வருமானத்தை ஒழுங்காகச் சொல்வார். அவர் வீட்டு மாடியில் ஒரு பேங்க் அதிகாரி குடியிருந்ததை மட்டும் சொல்லவில்லை. அந்த அதிகாரி, வாடகைக்கு வரிச் சலுகை கேட்டு, வீட்டுக்காரர் பெயரையும் பான் நம்பரையும் தன் ஆபீசில் கொடுத்துவிட்டார். கொடுத்த வாடகை அங்கே தெரிகிறது, வாங்கிய வாடகை இங்கே தெரியவில்லை. அண்ணாச்சிக்கு நோட்டீஸ் வந்தது. அதைக் கொண்டுவந்து என் மேசையில் போட்டு, "உங்கள நம்பித்தானம்மா குடுத்தேன்!" என்று அவர் போட்ட சத்தத்தில், கீழே ஜெராக்ஸ் எடுக்க வந்தவர்கள் படியேறி வந்து எட்டிப் பார்த்தார்கள். "மாடியில ஆள் இருக்குன்னு ஒரு வார்த்த சொன்னீகளா அண்ணாச்சி?" என்று கேட்டேன். "நம்ம வீட்டு மாடி நம்ம வீடுதானம்மா. அதுல சொல்றதுக்கு என்ன இருக்கு?" என்றார்.

அவருக்குத் திருத்திய கணக்கு எழுதிக் கொடுத்தேன். அன்றைக்கே தீர்மானமும் செய்துகொண்டேன். இனி வருகிற ஒவ்வொருவரிடமும் முதல் கேள்வி வீட்டு வாடகை பற்றித்தான். மறைக்கிறார் என்று தெரிந்தால், எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் எழுத மாட்டேன். 'வீட்டில் வாடகைக்கு ஆள் இருந்தால் முதலில் சொல்லவும். மறைத்து எழுதித் தரப்பட மாட்டாது' என்று போர்டு எழுதி வாசலில் மாட்டினேன். பக்கத்துத் தெருவில், சொன்னதைச் சொன்னபடி எழுதித் தருகிற ஒருவர் இருக்கிறார். போர்டைப் படித்த பாதிப் பேர் படியிலேயே திரும்பி அங்கே போனார்கள். மாரீஸ்வரி சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "அக்கா, வெளிய போறதுக்கு போர்டு வச்சாச்சு. உள்ள வர்றதுக்கும் ஒண்ணு எழுதிருவோமா?"

அக்கா மகன்

டப்பா தயாரிக்கும் கம்பெனி ஒன்றில் மேனேஜராக இருக்கும் ஒருவர் வந்தார். போர்டைப் படித்துவிட்டேதான் வந்தார் போல, உட்காரும்போதே, "நம்ம வீட்டுல வாடகைக்குன்னு யாரும் கெடையாது" என்றார். நானும் அவர் தெருதான். மாடியில் ஒரு வாலிபன் துணி காயப்போடுவதைத் தினமும் பார்க்கிறேன். "அந்தத் தம்பி யாரு?" என்றேன். "அதுவா, எங்க அக்கா மகன். வேலைக்கு வந்துருக்கான். சொந்தப் பிள்ளகிட்ட வாடக வாங்குவமா?" என்றார். அவருக்கு அக்கா இருக்கிறாரா இல்லையா என்று நான் எப்படித் தேடுவது? "யோசிச்சுட்டு நாளைக்கு வாங்க" என்று அனுப்பிவைத்தேன்.

மறுநாள் அவருக்கு முன்னாலேயே அந்த வாலிபன் வந்து நின்றான், தன் கணக்கை எழுத. பீகார்க்காரன். ஆப்செட் மெஷின் மெக்கானிக். இங்கே வந்து பல வருஷம் ஆனதால் நம்மைப் போலவே பேசுகிறான். சம்பள விவரத்தை எல்லாம் எடுத்து வைத்தான். முகவரி கேட்டபோது மேனேஜர் வீட்டு முகவரியைச் சொன்னான். சரியாக அந்த நேரம் மேனேஜரும் படியேறி வந்துவிட்டார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "வாங்க, உங்க மருமகனும் இங்கதான் இருக்காரு" என்றேன். மேனேஜர் கண்ணாலே ஏதோ சொல்லிப் பார்த்தார். அந்தத் தம்பிக்குப் பொய் வரவில்லை. வெள்ளந்தியாகச் சிரித்துக்கொண்டே சொன்னான்: "ஒண்ணாந் தேதி வாடக குடுக்கைல மட்டுந்தேன் அக்கா, மருமகனேன்னு கூப்புடுவாரு. மத்த நாளு, ஏலே மோட்டர நிப்பாட்டும்பாரு."

செல்வராணியின் வீடு

விருதுநகரிலிருந்து செல்வராணி என்ற பெண் வந்தாள். நாற்பது வயதிருக்கும். மற்றவர்கள் வாடகையை மறைக்க வருவார்கள். இவள் எழுதச் சொல்லி வந்தாள். கணவர் மாரடைப்பில் போய்விட்டார். வீடு அவள் அப்பா வாங்கிக் கொடுத்தது, பத்திரம் அவள் பெயரில்தான். பின்பக்க அறையில் ஒரு பள்ளிக்கூட டீச்சர் சாப்பாட்டோடு தங்கியிருந்தார். மூன்று வேளையும் சமைத்துப் போடுவது செல்வராணி. டீச்சர் கொடுக்கும் பணத்தை மாதாமாதம் வந்து வாங்கிக்கொண்டு போவது அவளுடைய கொழுந்தன். அதில் அரிசி, பருப்பு வாங்கிப் போடுவாராம். "பொம்பளைக்கு எதுக்கு வரவு செலவு" என்பாராம்.

"அக்கா, அந்த வாடகைய எம் பேர்ல கணக்குக் காட்டணும்" என்றாள். வரி கட்டுகிற அளவுக்கு அவளுக்கு வருமானம் இல்லை, கணக்குக் கொடுக்காவிட்டாலும் ஒன்றும் ஆகாது என்று விளக்கினேன். அசையவில்லை. வீட்டை விற்று ஏதோ வியாபாரத்தில் போட வேண்டும் என்று கொழுந்தன் பேச ஆரம்பித்திருக்கிறார். "வீடு எம் பேர்ல இருக்குன்னேன். பேருதான மதினி, நடத்துறது நாந்தானன்னுட்டாரு" என்றாள். அதைச் சொல்லும்போது அவள் அழவில்லை. அதுதான் என்னைக் கூர்ந்து கேட்க வைத்தது. "அப்ப மொதல்ல பணம் உங்க கைக்கு வரணும். டீச்சர உங்க பேங்க் கணக்குலயே போடச் சொல்லுங்க. அறைக்கு எம்புட்டு, சாப்பாட்டுக்கு எம்புட்டுன்னு தனித்தனியா எழுதி ரசீது குடுங்க. மார்ச் முடியட்டும், எழுதிருவோம்" என்றேன்.

அந்த மாதமே டீச்சர் பணத்தைச் செல்வராணி கணக்கில் போட்டுவிட்டார். கொழுந்தன் என் ஆபீசுக்கே வந்துவிட்டார். குடும்பத்தைப் பிரிக்கிறேன் என்றார். பொம்பளைப் புத்தி என்றார். "வீட்டுக்காரவுக யாரோ, வாடக அவுக வருமானம். சட்டம் அப்படி. நீங்க வாங்குனாலும் அவுக பேர்லதான் எழுதணும்" என்றேன். "சட்டத்த எங்க வீட்டுக்குள்ள கொண்டு வராதீக" என்று நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். அதற்குள் படியில் செல்வராணியே வந்து நின்றாள். விஷயம் தெரிந்து, பஸ் பிடித்து வந்திருக்கிறாள். குரலை உயர்த்தவே இல்லை. "நீங்க வீட்டுக்கு எப்ப வேணா வாங்க, சாப்புடுங்க. வாடக வாங்க வராதீக" என்றாள். அவர் இறங்கிப் போனார். வீட்டை விற்கும் பேச்சும் அதோடு நின்றது.

மார்ச் முடிந்து, கணக்கை எழுதி அனுப்பினோம். கட்ட வேண்டிய வரி ஒன்றுமில்லை. மாரீஸ்வரி ஒப்புகைச் சீட்டை எடுத்துக் கொடுத்ததும், செல்வராணி அதை வெளிச்சத்தில் பிடித்து மெல்லப் படித்தாள். "எடுத்த கஷ்டத்துக்கு வரி பூஜ்யம்னு வந்துருக்கே" என்று மாரீஸ்வரி சிரித்தாள். செல்வராணி சீட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்: "பூஜ்யம் இருந்துட்டுப் போகுது தாயி. அதுக்கு மேல எம் பேரு முழுசா இருக்குல்ல?"

நல்ல பார்ட்டி

ஏழாயிரம்பண்ணைப் பக்கம் நிலம் வைத்திருக்கும் ராமசுப்பு, பிள்ளைகள் படிப்புக்காகச் சிவகாசிக்கு வெளியே வீடு கட்டிக் குடிவந்தவர். மாடியில் ஒற்றை அறை. அதற்கு அவர் சொன்ன வாடகையைக் கேட்டு மாரீஸ்வரி டைப் செய்வதை நிறுத்திவிட்டாள். அந்த வாடகைக்கு ஊருக்குள் ஒரு முழு வீடே கிடைக்கும். "நல்ல பார்ட்டி. புரோக்கர் மூலமா வந்தாரு. தீபாவளி வரைக்கும்னு கேட்டாரு" என்றார். "தங்குறாரா?" என்றேன். "எங்க தங்குறாரு? எப்பவாச்சும் வந்து தொறப்பாரு, பூட்டுவாரு." இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. "அறையில என்ன இருக்குன்னு பாக்காம நான் எழுத மாட்டேன்" என்றேன். "காலண்டர் பண்டல்னாரு. உங்களுக்கு ஏன் அந்த வேல?" என்று கோபித்துக்கொண்டு நிலத்துக்குப் போய்விட்டார்.

நான் நேரே அவர் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி பேச்சியம்மாள் அடுப்படியில் குழம்பு தாளித்துக்கொண்டிருந்தாள். பிள்ளைகள் இரண்டும் லீவில் வீட்டில் இருந்தன. மாடியில் அறை பூட்டியிருந்தது. சன்னல் இடுக்கு வழியாக இருவரும் பார்த்தோம். உத்தரம் வரைக்கும் பட்டாசுப் பெட்டிகள். நேர் கீழே அவள் அடுப்பு. பேச்சியம்மாள் விடுவிடென்று இறங்கி வந்து கேஸை அடைத்தாள், மெயின் சுவிட்சை அணைத்தாள், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தெருக்கோடி வேப்பமரத்தடிக்குப் போய்விட்டாள். பக்கத்துவீட்டு, எதிர்வீட்டு ஆட்களையும் அவளே கூப்பிட்டு வெளியே வரச்சொன்னாள். நான் தீயணைப்பு நிலையத்துக்குப் போன் போட்டேன். அவர்களும் போலீசும் வந்து பூட்டை உடைத்துப் பெட்டிகளை இறக்கி முடிக்கச் சாயங்காலம் ஆகிவிட்டது. அறையை எடுத்த நல்ல பார்ட்டி அன்றைக்குப் போனை எடுக்கவே இல்லை. பிறகு போலீஸ் அவரைத் தேடிப் பிடித்தது.

ராமசுப்பு பதறிக்கொண்டு வந்து சேர்ந்தார். பிள்ளைகளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். கொஞ்சம் தெளிந்ததும், எனக்குக் கேட்காது என்று நினைத்து மனைவியிடம் முணுமுணுத்தார்: "தீபாவளி வரைக்கும் வாடக வந்துருக்கும்." பேச்சியம்மாள் மடியில் கிடந்த சின்னவனை இறக்கிவிட்டு எழுந்தாள். "வாங்குனது எம்புட்டோ, அத அக்காட்ட மறைக்காம எழுதிக் குடுங்க. இனிமே மாடிச் சாவி ஏங்கிட்டதான் இருக்கும்."

என் வீட்டுக்காரர்

கடைசியாக என் தலைக்கே வந்தது. நான் உட்கார்ந்திருக்கும் அறையும் வாடகைதானே? கட்டடச் சொந்தக்காரர் ஒரு பெரியவர். நல்ல மனிதர். வாடகையை ரொக்கமாக மட்டும்தான் வாங்குவார். ஊருக்கெல்லாம் உபதேசம் சொல்லிவிட்டு நான் ரொக்கம் கொடுத்துக்கொண்டிருந்தால் நன்றாகவா இருக்கும்? அடுத்த மாதம் வாடகையை அவர் பேங்க் கணக்கில் போட்டேன். அன்றைக்கே வந்துவிட்டார். "ஏம்மா, பழையபடி கையில குடுங்க. இல்லாட்டி வேற எடம் பாத்துக்கிடுங்க" என்றார். மாரீஸ்வரி என்னைப் பார்த்தாள். பழகிய இடம், பழகிய வாடிக்கை. இருந்தாலும் வாசலில் தொங்குவது என் போர்டு. "எடம் பாத்துக்கிடுறேன் ஐயா. கையில குடுக்கிறதா இல்ல" என்றேன்.

இரண்டு தெருவில் அறை தேடிவிட்டு வந்து, காலி செய்வதற்கு முன் ஒரே ஒரு தடவை அவர் கணக்கைப் போட்டுக் காட்ட அனுமதி கேட்டேன். வேண்டா வெறுப்பாக உட்கார்ந்தார். சொத்து வரியைக் கழித்தேன். மிச்சத்தில் பராமரிப்புக்கென்று சட்டமே கொடுக்கிற முப்பது சதவீதத்தையும் கழித்தேன். அதற்கு ரசீது எதுவும் காட்ட வேண்டாம் என்றதும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கடைசியில் நின்ற வரி, அவர் இத்தனை வருஷம் பயந்ததற்குக் கொஞ்சமும் தகாத சின்னத் தொகை. "இதுக்கா நான் இம்புட்டு ஒளிச்சேன்?" என்று கேட்டுக்கொண்டு, கையோடு கணக்கும் எழுதக் கொடுத்துவிட்டார். காலி செய்ய வேண்டாம் என்றும் சொன்னார். நானும் மாரீஸ்வரியும் நிம்மதியாக டீ வாங்கிவரச் சொன்னோம். படியில் இறங்கியவர் பாதியில் நின்று திரும்பினார். "அந்த வரிய அடுத்த மாசத்துலேர்ந்து உங்க வாடகையில சேத்துருக்கேன்மா. அதையும் மறைக்காம எழுதிருங்க."

ஆக, சக துயரத்தாரே, இந்தத் தொழிலில் நான் கண்டுகொண்டது இதுதான்: பிடிவாதமாக நின்றால் யாரையும் உண்மையை எழுத வைத்துவிடலாம், அதற்கான செலவை மட்டும் நம் தலையில்தான் ஏற்றுவார்கள்.