பட்டர்ஸ்காட்ச் வைத்த இலை

என் கணவர் இறந்து முப்பதாம் நாள் கும்பிட வேண்டும். இலையில் என்னென்ன வைப்பது என்று முந்தின நாள் காலையிலேயே பேச்சு ஆரம்பித்துவிட்டது. எங்கள் பக்கம், போனவருக்குப் பிடித்ததை எல்லாம் படத்துக்கு முன்னால் படைத்து, கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்துவிடுவோம். அவர் வந்து சாப்பிட்டுப் போவதாக நம்பிக்கை. கறிக்குழம்பு, ஈரல் வறுவல், வெற்றிலை என்று மேலூரிலிருந்து வந்திருந்த நாத்தனார் சொல்லிக்கொண்டே போனாள்.

“ஐஸ்கிரீமை மறந்துட்டேனே. பட்டர்ஸ்காட்ச்னா அண்ணனுக்கு உசுரு. அது இல்லாம என்ன கும்பிடு மதினி?”

“வாங்கிக்கலாம்” என்றேன். அந்த மாதம் முழுக்க நான் எதையும் மறுக்கவில்லை. மறுப்பதற்கும் மனதில் ஏதாவது ஒரு விருப்பம் இருக்க வேண்டுமே.

அழவும் இல்லை. ஆஸ்பத்திரியில் டாக்டர் வந்து சொன்னபோது, லிஃப்ட் வேலை செய்கிறதா, படியில்தான் இறக்க வேண்டுமா என்று கேட்டேன். அவரைச் சுடுகாட்டுக்குத் தூக்கிய அன்று பந்தல்காரரிடம் நாற்காலி பற்றாது என்று சொல்லிக்கொண்டிருந்தேன். கல்நெஞ்சுக்காரி என்று யாரோ முணுமுணுத்தது காதில் விழுந்தது. கோபம்கூட வரவில்லை. பெங்களூரிலிருந்து வந்து தங்கியிருந்த மகன்தான் பயந்துபோயிருந்தான். “ஒரு தடவை அழுதுரும்மா” என்று கெஞ்சினான், என்னவோ நான் வீம்புக்கு அடக்கிவைத்திருப்பதுபோல. எனக்கும் அழத்தான் ஆசை. இத்தனை வருடம் கூடவே இருந்த மனுசனுக்காக ஒரு சொட்டு வரவில்லையே என்று என்மேல் எனக்கே வெறுப்பாக இருந்தது.

பக்கத்தில் உட்கார்ந்து என்னைப் பேசவைப்பதற்காக மகன் செல்லில் எதையோ தேடிப் படித்தான். “இங்கிலாந்துல வெண்ணெயும் சர்க்கரையும் காச்சிச் செஞ்ச மிட்டாயாம்மா இது. அதை ஐஸ்கிரீம்ல மொதமொதல்ல யாரு போட்டாங்கன்னு ஆளுக்கொண்ணு சொல்றாங்க.”

இங்கிலாந்துக் கதை எனக்குத் தெரியாது. எங்கள் வீட்டுக்கு அது வந்த கதை தெரியும்.

ஆரப்பாளையத்தில் அவர் டிராக்டர் உதிரிபாகக் கடை வைத்திருந்தார். எதிரே ஒரு ஐஸ்கிரீம் கடை. கல்யாணமான புதிதில் அங்கே வெள்ளையாக இருந்தால் வெனிலா, ரோஸாக இருந்தால் ஸ்ட்ராபெரி, பச்சையாக இருந்தால் பிஸ்தா. நாக்குக்கு மூன்றும் ஒன்றுதான். சாயம் போட்டவருக்கே வித்தியாசம் தெரிந்திருக்காது. பிறகு ஒரு கோடையில், “புதுசா வந்திருக்குண்ணே, முந்திரியெல்லாம் கெடக்கு” என்று கடைக்காரர் மஞ்சளாக ஒரு கப்பை நீட்டினார்.

என் கணவருக்குக் கடைவாய்ப் பல் ஒன்று சொத்தை. முதல் வாயிலேயே, சர்க்கரைப் பாகு பூசின முந்திரித் துணுக்கு அதில் போய்ச் சிக்கிக்கொண்டது. முகத்தைச் சுளித்துக்கொண்டு மிச்சத் துணுக்குகளை மரக்கரண்டியால் பொறுக்கி, கப்பின் மூடியில் ஒதுக்கினார். எனக்கோ ஐஸ் தொண்டையில் இறங்கினால் மறுநாள் மூச்சு இழுக்கும். சும்மா பார்த்துக்கொண்டிருந்தவள் மூடியை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். ஐஸ் அவருக்கு, துணுக்கு எனக்கு. அன்றிலிருந்து வேறு ஐஸ்கிரீம் அவர் வாங்கவில்லை.

கல்யாண வீடுகளில் சாப்பிட்டுக் கை கழுவியதும் ஐஸ்கிரீம் கப் கொடுப்பார்கள். வெனிலா என்றால் வேண்டாம் என்று திருப்பிவிடுவார். பட்டர்ஸ்காட்ச் என்றால் ஒரு ஓரமாக உட்கார்ந்து, அரிசியில் கல் பொறுக்குவதுபோல் பொறுக்கி மூடியில் சேர்த்து, பெண்கள் பக்கம் எனக்குக் கொடுத்தனுப்புவார். இவருக்குப் பட்டர்ஸ்காட்ச் பைத்தியம் என்று சொந்தக்காரர்கள் கேலி செய்தார்கள். அவரும் சிரித்துவைப்பார். மகன் வளர்ந்ததும் அவனுக்கு அது மானப் பிரச்சினையாகிவிட்டது. “கடையில முந்திரி தனியாக் கெடைக்கும்ப்பா” என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொல்வான்.

பிற்பாடு அந்தச் சொத்தைப் பல்லைப் பிடுங்கியாகிவிட்டது. அப்போதும் பொறுக்குவதை நிறுத்தவில்லை.

“பல்லுதான் போயிருச்சுல்ல, இன்னும் எதுக்கு ஒதுக்குறீக?” என்று ஒரு நாள் கேட்டேன்.

“பெறகு நீ எதைத் திம்ப?” என்றார், கப்பிலிருந்து தலையைத் தூக்காமல்.

இதை எல்லாம் மகனிடம் சொல்லியிருக்கலாம். சொல்லத் தோன்றவில்லை.

மறுநாள் எங்கள் கே.கே. நகர் வீட்டின் முன்னறையில் இலை போட்டு எல்லாவற்றையும் பரிமாறினார்கள். நாத்தனார் கப்பைத் திறந்து இலையின் ஓரத்தில் வைத்து, மூடியைப் பக்கத்திலேயே மல்லாத்தி வைத்தாள். விளக்கேற்றிக் கும்பிட்டுவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு வாசலில் நின்றோம். வெயில் சுள்ளென்று அடித்தது. மேலூர்ப் பக்கம் இந்த வருடமும் நடவு தள்ளிப்போவதைப் பற்றி யாரோ பேசினார்கள். நானும் தலையாட்டிக்கொண்டிருந்தேன்.

கொஞ்ச நேரம் கழித்து நாத்தனார் கதவைத் தட்டிவிட்டுத் திறந்தாள். உள்ளே சாம்பிராணிப் புகை. ஐஸ்கிரீம் முழுக்க உருகி மஞ்சள் பாலாகக் கிடந்தது.

“பாத்தீகளா மதினி, கப்புல கொறஞ்சிருக்கு. அண்ணன் வந்து சாப்புட்டுட்டுத்தான் போயிருக்காரு” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

நான் கீழே உட்கார்ந்து கப்பைக் கையில் எடுத்தேன். துணுக்குகள் எல்லாம் அடியில் படிந்து கிடந்தன. மூடியைப் பார்த்தேன். அதில் ஒன்றுமே இல்லை.

“இல்ல, வரல” என்றேன். “அவரு வரலடி.”

அவர் செத்துப்போனது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. மூடியைப் பிடித்துக்கொண்டு, தெருவுக்கே கேட்கும்படி அழுதேன்.