கானின் வாயில் வைத்த கல்

லாபிர் பொதுச்சொத்தை உடைத்தவர் என்று எங்கள் ஒழுங்கையின் அபிவிருத்திச் சங்கம் தீர்மானம் போட்டிருக்கிறது. எதை உடைத்தார், ஏன் உடைத்தார் என்பதற்கு அதில் ஒரு வரிகூட இல்லை. இப்படி அரைகுறையாக எழுதிவைப்பதைப் பார்த்தால் எனக்கு உடம்பு பற்றி எரியும். ஆகவே நான் எழுதுகிறேன். கண்டதைக் கண்டதாகவும், கேட்டதைக் கேட்டதாகவும் எழுதுவேன்.

லாபிர் ரயர் ஒட்டுகிறவர். துறைமுகத்துக்குப் போகும் லொறிகளுக்காக எங்கள் ஒழுங்கைக்கு முன்னால் மேம்பாலம் கட்டியபோது, அதன் கீழே நீளமாக ஒரு நிழல் மிஞ்சியது. அந்த இடம் ஒருவருக்கும் தேவைப்படவில்லை. குப்பை கொட்டினார்கள், செத்த நாயைக் கொண்டுவந்து எறிந்தார்கள். லாபிர் மட்டும் ஒரு தூணின் அடியைக் கூட்டித் துப்புரவாக்கி, காற்றடிக்கும் இயந்திரத்தை வைத்துக்கொண்டு பிழைத்தார். ஓட்டோக்காரருக்கும் மீன் லொறிக்காரருக்கும் அந்தத் தூணைத் தெரியும்.

பாலத்தின் மேல் விழும் மழை முழுவதும் குழாய்களால் வீதிக்கு இறங்கி எங்கள் ஒழுங்கைக்குள் வரும். ஒழுங்கையின் பள்ளத்தில் இருக்கும் கடைசி வீடு லாபிருடையது. அவருடைய மனைவி சனூஸாவுக்குச் சீனி வருத்தம், காலில் ஆறாத புண். போன மாரியில் கான் நிரம்பி, சாக்கடைத் தண்ணீர் குசினிக்குள் நின்றது. அதற்குள் நின்றுகொண்டுதான் அவர் சமைத்தார். வேறு எங்கே சமைப்பது? தை மாதம் ஆஸ்பத்திரியில் பெருவிரலை எடுத்துவிட்டார்கள். இன்னொரு முறை அழுக்குத் தண்ணீர் பட்டால் காலையே எடுக்க வேண்டிவரும் என்று டொக்டர் சொன்னாராம். இது லாபிர் சொல்லக் கேட்டது.

அதற்குப் பிறகுதான் தேனுகா என்ற பொறியியலாளர் ஒரு வரைபடத்தோடு வந்தார். பாலத்தின் கீழே முழுவதையும் தாழ வெட்டி, கல்லும் மணலும் பரப்பி, வெளிச்சம் படும் ஓரங்களில் கோரையும் கல்வாழையும் நடுவது. வீதித் தண்ணீர் ஒரு வாயால் அந்தக் குழிக்குள் இறங்கி, தேங்கி, மெல்ல ஊறிப் போகும். நல்ல வரைபடம். ஆனால் லாபிரின் தூணும் அந்தக் குழிக்குள்தான் வந்தது.

"அப்ப நான் எங்க பிள்ள போற? உங்கட புல்லுக்குள்ள இருந்து ரயர் ஒட்டவா?"

"லாபிர் நானா, உங்கட குசினிக்குள்ள தண்ணி வராமல் இருக்கத்தான் இந்த இடத்தைக் கேக்கிறன்."

"வராதெண்டு எழுதித் தருவீங்களா?"

"வாய் திறந்திருந்தால் எழுதித் தருவன். வாயை ஆராவது அடைச்சால் என்னைக் கேக்கக் கூடாது."

லாபிர் தூணில் சாத்தியிருந்த ரயர்களை ஓரமாக அடுக்கினார். பிறகு காற்றடிக்கும் இயந்திரத்தைக் கழற்றத் தொடங்கினார். சந்தை வீதியின் முனையில், வெயிலில், தறப்பாள் கட்டிக்கொண்டு இருந்தார். பழைய ஆட்களில் பாதிப் பேர் அங்கே தேடிப் போகவில்லை. வேலை இல்லாத நேரங்களில் அலவாங்கோடு வந்து குழி வெட்டினார்.

புரட்டாதியில் வேலை முடிந்தது. முதல் மழைக்குத் தண்ணீர் வாயால் இறங்கிக் குழிக்குள் போனது. நான் குடை பிடித்துக்கொண்டு பார்த்தேன். அடுத்த வீட்டு வள்ளிநாயகி, "லாபிர், இந்த முறை எங்கட வீட்டுக்கு வெள்ளத்தோட மீன் வராது போல" என்று சிரித்தார்.

சங்கத் தலைவர் ஸஜ்ஜாத் ஹாஜியாருக்கு அது போதவில்லை. திறப்புவிழா வேண்டும், பெயர்க்கல் வேண்டும். எங்கள் ஊரில் எதைக் கட்டினாலும் கல் வைக்காமல் விடமாட்டார்கள். பஸ் தரிப்பிடத்தின் கூரை பறந்துவிடும், கல் நிற்கும். கிணறு தூர்ந்துவிடும், கல் நிற்கும். இந்தக் கல்லை எங்கே வைத்தார்கள் தெரியுமா? சரியாகத் தண்ணீர் இறங்கும் வாயில். தேனுகா அதற்குள் மாற்றலாகிப் போய்விட்டார். கல்லைப் பதிக்கச் சுவர் எழும்பியபோது லாபிர் ஓடி வந்தார். நானும் அங்கே நின்றேன்.

"ஹாஜியார், அது தண்ணி போற வாய்."

"தெரியும். கீழால பைப் ஒண்டு விடுறம். கல்லு ரோட்டுக்குத் தெரியாட்டி வாற பெரியாக்களுக்கு என்னத்தக் காட்டுற? புல்லையா?"

"பைப் காணாது ஹாஜியார், அடைச்சுப் போகும்."

"நீ ரயர ஒட்டு வாப்பா. எஞ்சினியர் வேல பாக்காத."

நின்றவர்கள் சிரித்தார்கள். உடனே ஹாஜியார் லாபிரின் தோளில் கையைப் போட்டார். "கோவிக்காத. இடம் விட்டவன் நீ. கல்லுல உன்ட பேரையும் போடுறன்."

லாபிர் அடங்கிப் போனார். ஆஸ்பத்திரி அட்டையைத் தவிர அவருடைய பெயரை யாரும் எங்கேயும் எழுதியதில்லை. கறுப்புக் கல்லில், எல்லாருக்கும் கீழே, 'இடம் உதவியவர் எம். லாபிர்' என்று பொன் எழுத்தில் வந்தது. சனூஸாவை ஓட்டோவில் ஏற்றிவந்து அதைக் காட்டினார். இப்படித்தான் ஒரு மனிதனின் வாயையும் ஒரு கானின் வாயையும் ஒரே கல்லால் அடைத்தார்கள்.

கார்த்திகை மழை காலையில் தொடங்கியது. மத்தியானத்துக்குள் பைப் அடைத்துக்கொண்டது. சோற்றுப் பார்சல் சுற்றிய பொலித்தீன், திறப்புவிழாவில் கட்டிய பிளாஸ்ரிக் பூ, எல்லாம் அதற்குள். தண்ணீர் கல்லில் முட்டித் திரும்பி ஒழுங்கைக்குள் பாய்ந்தது. கல்லுக்கு அந்தப் பக்கம் அத்தனை பெரிய குழியும் காய்ந்து கிடந்தது!

லாபிர் சனூஸாவைத் தூக்கி மேசையில் இருத்தினார். தண்ணீர் குசினிப் படியைத் தொட்டிருந்தது. ஹாஜியாருக்குப் போன் எடுத்தார். நான் லாபிரின் வாசலில் நின்றதால், ஸ்பீக்கரில் வந்த பதில் எனக்கும் கேட்டது.

"மழை விடட்டும் லாபிர், கொமிட்டியக் கூட்டிக் கதைப்பம். கல்லுல கைவைக்க ஏலாது. பெரியாக்கள்ட பேர் இருக்கு."

லாபிர் போனைச் சனூஸாவின் மடியில் வைத்தார். சம்மட்டியை எடுத்துக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கினார்.

"லாபிர், பொலிசில பிடிப்பாங்கள்!" என்று வள்ளிநாயகி கத்தினார்.

"பிடிக்கட்டும்! பொலிஸ் ஸ்ரேசன் மேட்டிலதான அக்கா இருக்கு, நனையாது!"

மூன்றாம் அடியில் பொன் எழுத்துகள் பிளந்தன. பிறகு சுவர். அது சரிந்ததும் தண்ணீர் உறுமிக்கொண்டு குழிக்குள் விழுந்தது. ஒழுங்கையில் தண்ணீர் இறங்குவதை நாங்கள் கண்ணால் கண்டோம். அதற்குள் அது சனூஸாவின் மேசைக் காலைத் தொட்டிருந்தது, அவருடைய காலைத் தொடவில்லை.

ஹாஜியார் முறைப்பாடு கொடுத்தார். பொலிசில் லாபிர் சொன்னதை நான் பக்கத்தில் இருந்து கேட்டேன். "என்ட பேரும் அதில இருந்தது சேர். என்ட பேரத்தான் உடைச்சன். மத்தாக்கள்ட பேர் அதோட ஒட்டிக்கொண்டு நிண்டா நான் என்ன செய்ற?" எழுதிக்கொண்டிருந்த பொலிஸ்காரர் சிரிப்பை அடக்கத் தலையைக் குனிந்துகொண்டார். வழக்கு இன்னும் முடியவில்லை.

அதே இடத்தில் புதுக் கல் வைப்பதென்று சங்கம் இப்போது முடிவெடுத்திருக்கிறது. அதே வாயில்! சனூஸாவின் காலைப் பற்றி ஒருவர் வாய் திறக்கவில்லை. நான் எழுந்து கேட்டேன். "ஐயா, நீங்க இருங்க" என்றார்கள்.

லாபிர் சந்தை வீதித் தறப்பாளைக் கழற்றிக்கொண்டு திரும்பி வந்துவிட்டார். தண்ணீர் இறங்கும் வாய்க்குப் பக்கத்தில், வீதியோரமாக, காற்றடிக்கும் இயந்திரத்தை வைத்திருக்கிறார். காலையில் முதல் வேலை, வாயில் சேர்ந்த பொலித்தீனைப் பொறுக்குவது. அதற்குப் பிறகுதான் ரயர். சம்மட்டி மட்டும் வீட்டுக்குப் போவதில்லை. கதிரைக்குப் பக்கத்தில், எல்லாருக்கும் தெரியும்படி, நிமிர்த்தி வைத்திருக்கிறார்.