சின்னண்ணையின் தண்ணீர் முறை

படித்தவர்கள் எழுதும் இடத்தில் நானும் எழுத வந்ததற்குக் கோபிக்க வேண்டாம். சாதாரண தரச் சோதனையோடு பள்ளிக்கூடம் நின்றவள் நான். நாலு பேர் கூடினால் வாய் திறக்கவே கூச்சம். ஆனால் அன்று கிணற்றடியில் இருந்த மூவரில் மற்ற இருவரும் இதைப் பற்றிப் பேசுவதே இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

எங்கள் தோட்டம் உடுவிலுக்குக் கிட்ட. மூன்று பங்குக்காரருக்கு ஒரு கிணறு. ஒரு நாள் பெரியப்பாவின் மகன் பெரியண்ணையின் முறை, அடுத்த நாள் என்னுடையது, அதற்கடுத்த நாள் என் கூடப்பிறந்த சின்னண்ணையினது. ஒருவர் முறையில் மற்றவர் தோட்டத்துக்கு ஒரு சொட்டும் எடுக்கக்கூடாது.

சின்னண்ணை கடைசிச் சண்டையில் வன்னியில் காணாமல் போனார். அவர் மனைவி, என் மச்சாள், தோட்டத்தை விட்டுவிட்டுத் தையல் தைத்துச் சீவிக்கிறாள். ஆனாலும் அவருடைய முறையை ஒருவருக்கும் கொடுக்கவில்லை. கொடுத்தால், அவர் இனி வரமாட்டார் என்று தன் வாயால் சொன்னதாகிவிடும். அந்த நாளில் மோட்டர் கொட்டில் பூட்டியே கிடக்கும்.

எங்கள் ஊரில் ஆறு கிடையாது. நிலத்துக்கு அடியில் சுண்ணக்கல்லுக்குள் மழைத் தண்ணீர் ஒரு பெரிய ஏரி போல, உப்புத் தண்ணீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது என்று பள்ளிக்கூடத்தில் சொல்லித் தந்தார்கள். அது மாரியில் ஏறும், கோடையில் இறங்கும். அதில் புதுமை இல்லை. ஆனால் இந்தக் கோடையில், சின்னண்ணையின் நாளில், யாரும் தொடாத கிணறு இறங்கத் தொடங்கியது.

முதலில் கண்டது நான்தான். உடுப்புத் தோய்க்கப் போனபோது உட்சுவரில் ஈரம் கறுப்பாக மேலே நிற்க, தண்ணீர் கீழே கிடந்தது. வாய்க்கால் காய்ந்திருந்தது. பின்னேரம் போனேன், பழையபடி ஊறியிருந்தது. அதற்கடுத்த முறைகளிலும் அப்படியே. நான் ஒருவரிடமும் சொல்லவில்லை. பெரியண்ணையும் ஒரு நாள் கண்டுவிட்டார். அவருடைய வெங்காயம் மஞ்சளித்துக்கொண்டிருந்த நேரம்.

“பிள்ளை, ஒளிச்சு ஆருக்கு இறைக்கிறாய்? தண்ணிப் பவுசர்காரனுக்கு விக்கிறியோ?” என்று மச்சாளின் படலையடியில் நின்று கேட்டார். நானும் பக்கத்தில் நின்றேன்.

“கொட்டில் பூட்டின்ரை திறப்பு உங்களிட்டையெல்லோ இருக்கு, அத்தான். வேணுமெண்டால் அங்கை உடுப்புத் தோய்க்கிற உங்கடை தங்கச்சியைக் கேளுங்கோ.”

“அவளைக் கேட்டால் பதில் வரமுதல் மாரி வந்திடும்.”

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

“சரி, அடுத்த முறைக்கு மூண்டு பேரும் கிணத்தடியிலை இருப்பம். தண்ணி இறங்கினால் நான் பிறகு வாய் திறக்கமாட்டன். இறங்காட்டி அந்த நாளை எனக்குத் தந்திடவேணும்” என்றார் பெரியண்ணை.

மச்சாள், “ஓம்” என்றாள்.

அன்று கரண்டும் வெட்டியிருந்தார்கள். எந்தத் தோட்டத்திலும் மோட்டர்ச் சத்தம் இல்லை. வேம்பின் கீழ் இருந்தோம். காலை முழுவதும் தண்ணீர் அசையவில்லை. “என்ன, கிணத்துக்கு எங்களைக் கண்டு வெக்கம் பிடிச்சிட்டுதோ?” என்று பெரியண்ணை பகிடி விட்டார்.

வெயில் உச்சிக்கு வந்தபோது கல்லில் ஒரு மெல்லிய ஈரக்கோடு தெரிந்தது. பிறகு அது அகலித்தது. சத்தம் இல்லை, சுழி இல்லை, ஒரு சிறு அலைகூட இல்லை. நடுவில் மிதந்த வேப்பிலை அசையாமல், நின்ற நிலையிலேயே கீழே போய்க்கொண்டிருந்தது.

பெரியண்ணை சிரிக்கப் பார்த்தார். “தம்பி தன்ரை முறைக்கு வந்திட்டான் போலை.” கிணற்றுக்கட்டின் மேல் கையூன்றி உள்ளே குனிந்தார். “டேய் தம்பி, காணும். எங்களுக்கும் கொஞ்சம் விடடா.”

குரல் அடியில் போய்த் திரும்பி வந்தது. தண்ணீர் நின்றுவிட்டது.

மச்சாளின் முகம் ஒரு கணம் கலியாணப் பெண்ணின் முகம் போல மலர்ந்தது. பிறகு அந்த மலர்ச்சி மெல்ல வடிந்தது.

“அவர்தான் இறைக்கிறார் எண்டால், அத்தான், எங்கை நிண்டு இறைக்கிறார்?”

அவள் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தாள்.

“மேலை ஒருத்தரும் இல்லை. கீழை நிண்டோ?”

“நான் பகிடிக்குச் சொன்னனான், பிள்ளை.”

“நீங்கள் பகிடிக்குச் சொன்னியள். தண்ணி நிண்டதும் பகிடியோ?”

அவள் அழவில்லை. எழுந்து சீலையில் ஒட்டிய மண்ணைத் தட்டினாள். “கரண்ட் வந்தால் இண்டைக்கே மோட்டரைப் போடுங்கோ. இனி இந்த நாளும் உங்கடை.”

“வேண்டாம் பிள்ளை. தண்ணி இறங்கினதெல்லோ. வெங்காயம் போனால் போகட்டும்.”

“போடுங்கோ” என்றாள். திரும்பிப் பார்க்காமல் வரம்பு வழியே வீட்டுக்குப் போய்விட்டாள். கரண்ட் வந்த பிறகும் பெரியண்ணை கொட்டிலைத் திறக்கவில்லை.

மறுநாள் அவருடைய சொந்த முறை. மோட்டர் போட்டார், வெங்காயத்துக்குப் போதுமான தண்ணீர் வந்தது. மச்சாள் பொட்டு வைக்காமல் உடுப்புத் தோய்க்க வந்தாள்.