கம்பி ஆடிய நேரம்

சர்வதேச ஜூனியர் தடகளப் போட்டியில் என் தம்பி உயரம் தாண்டிய அன்று, நான் காமயகவுண்டன்பட்டியில் திராட்சைப் பந்தலுக்குக் கீழே கத்தரியும் கையுமாக நின்றிருந்தேன். நாள் பார்த்தாற்போல அன்றைக்குத்தான் எங்கள் தோட்டத்தில் பழம் வெட்டு. கேரளாவுக்குப் போகிற வண்டி வந்து நிற்கிறது. தம்பி குதிக்கிறான், நாளைக்கு வாங்க என்று டிரைவரிடம் சொல்ல முடியுமா?

மோட்டார் ரூம் சுவரோரம் மட்டும்தான் போனில் நெட் ஒழுங்காக எடுக்கும். அங்கே பழப்பெட்டிகளை அடுக்கி, அதன்மேல் போனைச் சாய்த்து வைத்தேன். வெட்ட வந்த பெண்கள் ஒவ்வொருவராக வந்து உட்கார்ந்தார்கள். என் மாமியார் முதலில் எல்லோரையும் வைதார். பிறகு அவரே முன்னால் இடம் பிடித்துக்கொண்டார்.

"ஏத்தா, இதுல உன் தம்பி யாரு?"

"அந்தா, நீலச் சட்டை, அத்தை."

"எல்லாப் பயலும் பனைமரமாட்டம்ல நிக்கிறான்!"

அன்று என்ன முடிவாகப் போகிறது என்று அந்தக் கூட்டத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். முந்தின வாரம் போனில் சொல்லியிருந்தான். பதக்கம் வாங்கினால் அமெரிக்காவில் ஒரு கல்லூரி அவனைச் சேர்த்துக்கொள்ளும். படிப்பு, பயிற்சி எல்லாம் அங்கேயேதான், நாலு வருஷம். வாங்காவிட்டால் மதுரையில் விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு வேலை காத்திருந்தது. மதுரை என்றால் சனிக்கிழமை மத்தியானம் பஸ் ஏறினால் பொழுது சாய்வதற்குள் என் வீட்டு வாசலில் வந்து நிற்பான்.

சின்ன வயதிலேயே விளையாட்டு விடுதிக்குப் போனவன் அவன். அதற்குப் பிறகு வீட்டுக்கு விருந்தாளியாகத்தான் வந்திருக்கிறான். அவன் குரல் உடைந்ததைப் போனில் கேட்டேன். மீசை முளைத்ததைப் போட்டோவில் பார்த்தேன். என் கல்யாணத்துக்குக்கூட முகூர்த்தத்துக்கு வந்து, மத்தியானச் சாப்பாட்டோடு கிளம்பிவிட்டான். மற்றவர்களுக்கு அவன் பெருமை. எனக்கு அவன் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும், சண்டை போட வேண்டும், அவ்வளவுதான். இதை யாரிடமாவது சொன்னால், உனக்கென்ன கிறுக்கா என்பார்கள்.

முதல் உயரத்தை அலட்டிக்கொள்ளாமல் தாண்டி மெத்தையில் விழுந்தான். எழுந்து இறங்க வேண்டியதுதானே? இறங்கவில்லை. மண்டி போட்டு, தான் விழுந்த இடத்தை இரண்டு கையாலும் படபடவென்று தட்ட ஆரம்பித்தான். கொடியோடு நின்ற நடுவர் ஒன்றும் புரியாமல், இறங்கு இறங்கு என்று கை காட்டினார். வர்ணனை செய்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"என்னத்துக்குச் சிரிக்கிறாக?" என்றார் மாமியார்.

அவன் எதற்குத் தட்டுகிறான் என்று எனக்குத் தெரியும். எங்கள் அப்பாவுக்குத் தேனியில் இலவம்பஞ்சு மெத்தைக் கடை. தைத்து முடித்த மெத்தைகள் வீட்டுக் கொல்லையில் கிடக்கும். பெரும்பாலும் கல்யாணச் சீருக்குச் சொன்னவை. துணி காயப்போடுகிற கயிற்றை இழுத்துக் கட்டி, அதைத் தாண்டி யாரோ ஒரு கல்யாணப் பெண்ணின் மெத்தையில் போய் விழுவதுதான் எங்கள் இருவருக்கும் சாயங்கால வேலை. அப்போதெல்லாம் அவனைவிட உயரமாகத் தாண்டியவள் நான். எந்தப் பேட்டியிலும் தம்பி ஐயா இதைச் சொல்வதில்லை. இலவம்பஞ்சில் விழுந்தால் ஆள் அளவுக்குக் குழி விழும். அப்பா வருவதற்குள் அதைத் தட்டி உப்ப வைக்காவிட்டால் முதுகுத்தோல் உரிந்துவிடும். அதனால் குதித்தவர்தான் தட்ட வேண்டும், தட்டிய பிறகுதான் அடுத்தவர் குதிக்கலாம் என்று எங்களுக்குள் சட்டம்.

மைதானத்தில் போட்டிருக்கும் ஸ்பாஞ்ச் மெத்தைக்குத் தட்டல் கிட்டல் ஒன்றும் வேண்டாம், தானாகவே எழும்பிக்கொள்ளும். எத்தனையோ வருஷமாக அதில் விழுகிறவனுக்கு இது தெரியாதா? பதற்றத்தில் கை தன்னால் போயிருக்கிறது. இவன் நம்மையெல்லாம் மறந்துவிட்டான் என்று மனதைத் தேற்றி வைத்திருந்தேன். மறக்கவில்லை என்று தெரிந்த பிறகுதான் ஏக்கம் தாங்க முடியாமல் போயிற்று.

கம்பி ஏற ஏற ஆள் குறைந்தது. கடைசியில் நான்கு பேர். கம்பி எங்கள் வீட்டு வாசல் நிலையைவிட உயரத்தில் இருந்தது. இரண்டு பேர் தாண்டிவிட்டார்கள். மூன்றாமவன் மூன்று வாய்ப்பிலும் கம்பியைத் தள்ளிவிட்டு உட்கார்ந்துவிட்டான். ஆனால் அதற்கு முன் அவன் ஒரு தடவைகூடத் தவறியதில்லை, என் தம்பி நடுவில் ஒரு தடவை தவறியிருந்தான். அதனால் என் தம்பியும் தள்ளிவிட்டால் வெண்கலம் அவனுக்கு, தாண்டினால் இவனுக்கு. இவனும் இரண்டு தடவை தள்ளிவிட்டான். இன்னும் ஒரே வாய்ப்பு.

"அந்தக் கம்பியக் கொஞ்சம் கீழ வச்சாத்தான் என்னவாம்? பிள்ளைகளப் போட்டு இந்தப் பாடு படுத்துறாக!" என்று மாமியார் அலுத்துக்கொண்டார்.

அவன் கண்ணை மூடிக்கொண்டு நின்றான். எனக்குள் இரண்டு கணக்கும் ஓடியது. கம்பி விழுந்தால் சனிக்கிழமைதோறும் வருவான். அவனுக்குப் பிடித்த சுக்காவும் சோறும் ஆக்கி வைக்கலாம். நான் ஒன்றும் செய்ய வேண்டாம், சும்மா உட்கார்ந்திருந்தால் போதும், கம்பி தானே விழும் என்று தோன்றியது.

வளைந்து ஓடிவந்தான். முதுகு கம்பிக்கு மேலே போயிற்று. குதிகால் லேசாக உரசிவிட்டது. அவன் மெத்தையில் விழுந்துவிட்டான், கம்பி மட்டும் மேலே கிடந்து ஆடுகிறது. அது விழுவதா வேண்டாமா என்று யோசித்த அந்த நேரத்தில் தோட்டமே அதிர ஒருத்தி கத்தினாள்.

"விழுந்துராத! ஏய், விழுந்துராத!"

கத்தியது நான்தான் என்று போனுக்கு முன்னால் எழுந்து நின்ற பிறகுதான் எனக்கே தெரிந்தது. கம்பி ஆடி ஆடி நின்றுவிட்டது. தாண்டியது செல்லும் என்று வெள்ளைக் கொடி ஏறியது. பெண்கள் எல்லோரும் கை தட்டினார்கள். நான் அழுவதைப் பார்த்து, சந்தோஷத்தில் அழுகிறாள் என்றார்கள். அதுவும் பொய்யில்லை.

மாமியார் என் கன்னத்தைத் துடைத்துவிட்டார்.

"அதான் செயிச்சிட்டான்ல, இனியாச்சும் பயலுக்கு லீவு குடுப்பாக. வரச் சொல்லுத்தா, பக்கத்துல வச்சு நாலு நாளு சோறு போடுவோம்."

"சொல்றேன் அத்தை" என்றேன்.