சித்தப்பாவின் முழங்கால் பூட்ஸ்

முதல் பாரத்தில், அதாவது ஆறாம் வகுப்பில், ஆங்கிலத்திலும் கணக்கிலும் நானே முதல் மாணவன். வீட்டில் என் அபிப்பிராயத்துக்கு மதிப்பிருந்தது. ஆகவே, புதிதாக வாங்கிய மோட்டார் சைக்கிளின் சைலன்ஸர் சித்தப்பாவின் வலது கெண்டைக்காலைச் சுட்டுவிட்டபோது, முழங்கால்வரை ஏறும் பூட்ஸ்தான் தேவை என்று நான் கூறியதை அவர் ஏற்றுக்கொண்டதில் வியப்பில்லை.

பேகம்பூர்ச் செருப்புக் கடையில் கடைக்கார பாய், கணுக்காலோடு நிற்கும் ஒரு ஜோடியையும் எடுத்துக் காட்டினார். சுட்டது கெண்டைக்காலை என்று நான் நினைவூட்டினேன்.

"தம்பி வக்கீலாயிரும் போலயே" என்றார் அவர்.

அந்த பூட்ஸோடுதான் சித்தப்பா என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டு சின்னாளப்பட்டிக்குப் பெண் பார்க்கப் போனார். பெரியவர்கள் முன்னதாகவே பஸ்ஸில் போய்விட்டார்கள். சித்திரை வெயில். பெண் வீட்டு வாசலில் இறங்கியபோது புண்பட்ட கால் வீங்கியிருந்தது. வலது பூட்ஸ் கழலவில்லை. தறி போட்ட வீட்டுக்குள் தோல் செருப்பு நுழையக் கூடாது. இருவர் பிடித்து இழுத்தார்கள். சித்தப்பா பல்லைக் கடித்துக்கொண்டு தடுத்தாரே தவிர, புண்ணைப் பற்றி வாய் திறக்கவில்லை. வண்டி ஓட்டத் தெரியாதவன் என்று எண்ணிவிடுவார்களாம்.

"மாப்ளைக்கு யானைக்காலு போலடி, மறைக்கிறாரு" என்றாள் கூட்டத்தில் ஒருத்தி.

பெண்ணின் தகப்பனார், காபித் தம்ளர்களை உள்ளே எடுத்துப் போகும்படி சைகை காட்டினார். சம்பந்தம் முறிகிறது என்பது எனக்கே விளங்கிவிட்டது.

அப்போது பெண்ணே வெளியே வந்தாள், கையில் நூல் வெட்டும் கத்தரியோடு.

"செத்த நேரம் ஆடாம இருங்க."

பூட்ஸின் பின்தையலை மேலிருந்து கீழ்வரை வெட்டிப் பிரித்தாள். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தீப்புண் வெளிப்பட்டது.

"இம்புட்டுத்தானா? இதுக்கா இம்புட்டு வீராப்பு?" என்றவள் தகப்பனார் பக்கம் திரும்பினாள். "அப்பா, காபியக் கொண்டாரச் சொல்லுங்க."

திரும்பும் வழியில் சித்தப்பா வெறுங்காலோடு வண்டி ஓட்டினார். போதாததற்குச் சீட்டியும் அடித்தார். நல்ல ஜோடி ஒன்று வீணாகிப் போயிருக்க, ஒரு மனிதருக்கு அதில் என்ன மகிழ்ச்சி என்பது எனக்கு அன்று எட்டவில்லை.

பெண்ணின் முகத்தைப் பார்த்த மாத்திரத்தில் சித்தப்பா சொக்கிவிட்டார் என்று உறவினர்கள் இன்றும் சொல்லிவருகிறார்கள். அது தவறு. அன்று அவர் தலையை நிமிர்த்தவே இல்லை. பார்த்ததும் முடிவு செய்ததும் சித்திதான்.