கொக்கியை ஊருக்குச் சொன்னவள்

ஜெர்மனியின் ரெம்ஸ் பள்ளத்தாக்கில் திராட்சை போடுகிறவர்களில் ரோஸ்விதா ஐசலேயைப் போல ஒழுங்குக்காரி கிடையாது. ஊர்ப் பழத்தோட்டச் சங்கத்துக்கு இருபத்திரண்டு வருடமாக அவள்தான் செயலாளர். வாராவாரம் வீடுதோறும் வரும் ஊராட்சி இதழில் சங்கச் செய்தி ஒருமுறைகூடத் தவறியதில்லை.

அப்படிப்பட்டவள் ஒரு கொக்கி கண்டுபிடித்தாள். கொடியை ஒரே கையால் கம்பியோடு பிணைக்கலாம். கழற்றுவதற்கு ஒரு தட்டு போதும். சங்கக் கூட்டத்தில் காட்டினாள். கூட்டத்தில் நடந்ததை எழுதுவது செயலாளரின் கடமை அல்லவா? படம் வரைந்து, அளவெல்லாம் மில்லிமீட்டர் சுத்தமாகக் குறித்து இதழுக்கு அனுப்பினாள். இன்னும் கொஞ்சம் சோதித்துவிட்டுக் காப்புரிமைக்குப் போகலாமென்று எட்டு மாதம் பொறுத்தாள்.

ஸ்டுட்கார்ட்டில் வழக்கறிஞர் கெர்லிண்ட் ரூஃப் கேட்ட முதல் கேள்வி, இதை வெளியே யாருக்காவது சொன்னீர்களா என்பதுதான். ரோஸ்விதா பெருமையாக இதழை எடுத்து நீட்டினாள். வழக்கறிஞர் தேதியைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். ஊருக்கு ஒருமுறை சொல்லிவிட்டதற்குக் காப்புரிமை கிடையாது, ஆறு மாதத்துக்குள் வந்திருந்தாலாவது சின்னதாக ஒரு பாதுகாப்பு வாங்கியிருக்கலாம், இப்போது அதுவும் இல்லை என்றார்.

"என் கொக்கியப் பத்தி நானே எழுதினாக்கூடத் தப்பா?"

"காப்புரிமைங்கறது ஒரு பேரந்தாம்மா. நீங்க ரகசியத்த ஊரறியச் சொல்றீங்க. பதிலுக்கு இருபது வருஷம் ஒங்களக் கேக்காம யாரும் அதச் செஞ்சு விக்கக் கூடாதுன்னு அரசாங்கம் தடுக்குது. வாயத் திறக்கறதுக்குக் கூலி அது. நீங்க கூலி பேசாமலே எல்லாத்தையும் சொல்லிட்டீங்க."

திரும்பும்போது ரயிலில் அழுதாள். திட்டுவதற்குத் தன்னைத் தவிர வேறு ஆள் இல்லை என்பதுதான் அவளுக்கு ஆறவில்லை.

அதற்குள் ஊரே இதழைப் பார்த்துக் கொக்கி செய்து மாட்டியிருந்தது. பார்த்தவரெல்லாம் பாராட்டினார்கள். பாராட்டைக் கரைத்தா குடிப்பது? ஆனால் அந்தக் குளிர்காலத்து உறைபனியில் கொக்கிகள் வளைவில் ஒடிந்து விழுந்தன, அவளுடையதும் சேர்த்துத்தான். ரோஸ்விதா வளைவின் வடிவத்தையே மாற்றினாள். புதுக் கொக்கியை வீட்டு உறைபெட்டியில் இறைச்சிக்கு நடுவே வாரக்கணக்கில் போட்டு வைத்தாள். ஒன்றுகூட ஒடியவில்லை. இந்த முறை நேரே வழக்கறிஞருக்குத்தான் தொலைபேசினாள். புது வளைவு இன்னும் யாருக்கும் தெரியாததால் அதற்குக் காப்புரிமை கேட்கலாம், பத்து நாளில் விண்ணப்பம் தயாராகிவிடும், அதுவரை மூச்சு விடக் கூடாது என்றார் அவர்.

மறுநாளே அடுத்த தோட்டத்து ஓட்மார் கை நிறைய ஒடிந்த கொக்கிகளோடு வந்து நின்றான். ஒரே வகுப்பில் படித்தவர்கள். வாடி போடா பழக்கம்.

"ஏண்டி, இது ஏன் ஒடியுதுன்னு ஒனக்குத் தெரியாமயா இருக்கும்?"

அவளுக்குப் பொய் வராது.

"தெரியும். பத்து நாள் பொறுடா."

"நாளைக்கு ஈரக்காத்துன்னு ரேடியோல சொல்றான். ஈரத்துலதான் கொடி வளையும், நாளைக்குக் கட்டலன்னா காஞ்சு முறிஞ்சிரும். ஒனக்கே தெரியும்."

தெரியும். பதில் நாக்கு நுனியில் இருந்தது. அவள் கையுறையைச் சரிசெய்துகொண்டாள். ஓட்மார் ஒடிந்த கொக்கிகளை வேலியோரம் கொட்டினான். பிறகு, கயிறு வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு நடந்தான்.

மறுநாள் ஈரக்காற்றில் இரண்டு தோட்டத்திலும் கயிற்றால்தான் கட்டினார்கள்; புதுக் கொக்கியை மாட்டினால் ஊர் பார்த்துவிடுமே. சட்டப்படி ரோஸ்விதா செய்தது சரி. ஆனாலும் அன்று முழுக்க ஓட்மாருக்கு முதுகைக் காட்டியபடியேதான் அவளால் கட்ட முடிந்தது.