விஜிதா கடலில் இறக்கிய கருவி

கொஸ்லந்த தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்த விஜிதாவுக்குக் கடலில் வேலை. ஆராய்ச்சிப் படகில் போய், உருளை போன்ற கருவியொன்றைக் கம்பியில் கட்டி ஆழத்துக்கு இறக்கி, தண்ணீரில் எவ்வளவு ஒட்சிசன் இருக்கிறதென்று அளப்பாள்.

அந்த ஆவணியில் கிழக்குக் கடலின் அடியிலிருந்து ஒட்சிசன் குறைந்த நீர் மேலெழுந்தது. மீன்கள் மூச்சுத் திணறிக் கரையோரம் வந்து குவிந்தன. செத்தும் ஒதுங்கின. கடலில் யாரோ நஞ்சு கலந்துவிட்டார்கள் என்று போனுக்குப் போன் கதை பரவியது.

லீவில் வந்த விஜிதா, பதுளையில் இப்றாஹீமின் கடையில் மீன் வாங்கிக்கொண்டிருந்தபோதுதான் ஒரு கூட்டம் கடைக்குள் பாய்ந்தது.

"நஞ்சு மீன எங்களுக்கு விக்கிறியாடா?"

ஐஸ் பெட்டி கவிழ்ந்தது. இப்றாஹீமின் வாயில் ஒருவன் குத்தினான். உதடு கிழிந்து இரத்தம் வழிந்தது. விஜிதா குறுக்கே விழுந்தாள்.

"நஞ்சு இல்லீங்க! தண்ணியில ஒட்சிசன் கொறஞ்சதாலதான் மீனு செத்துச்சு. நானே அளந்தேன்."

போனும் கையுமாக நின்றவன் அவளை உற்றுப் பார்த்தான்.

"இவதான்! வீடியோவுல கடல்ல நஞ்சு எறக்குறவ இவளேதான்!"

திரையில் அவளே படகில் குனிந்து கருவியை இறக்கிக்கொண்டிருந்தாள். வேறொரு படகிலிருந்து எவனோ எடுத்திருக்கிறான். அவள் வாய் திறப்பதற்குள் முடியைப் பிடித்து இழுத்துக் கீழே தள்ளினார்கள். தரையில் ஊன்றிய வலது கைமேல் எடைக்கல் இறங்கியது. விரல்கள் நொறுங்கிய சத்தம் அவளுக்கே கேட்டது.

அடுத்த கல்லை ஓங்கியவனின் முழங்கையில் இப்றாஹீமின் மீன் கத்தி விழுந்தது.

"புள்ளய தொட்டா இன்னும் வெட்டுவன்!"

வெட்டுப்பட்டவன் அலறினான். கூட்டம் பின்வாங்கியது, போகிற போக்கில் கடைக்குத் தீ வைத்துவிட்டுப் போனது.

பொலிஸ் முதலில் பிடித்தது இப்றாஹீமைத்தான். விஜிதா கைக்கட்டோடு போய் நடந்ததைச் சொன்ன பிறகு அவரைப் பிணையில் விட்டார்கள். வழக்கு இன்னும் நடக்கிறது. வீடியோவைக் காட்டியவனை யாரும் தேடவில்லை.

"இனி கடலுக்குப் போகாதடி," என்று அம்மா லீலாதேவி அழுதாள்.

"போகாட்டி அவனுங்க சொன்னது உண்மைன்னு ஆயிரும்மா."

போனாள். இரண்டு விரல்கள் மடங்குவதில்லை. இடது கையால்தான் கம்பியைப் பிடிக்கிறாள். வேற்றுப் படகு ஏதாவது நெருங்கினால் மட்டும் அவளையறியாமல் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள்.